சுவான்சோவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி இதுதான்: சியாமென் நகரத்துக்கு வேலையாகப் போகிறவருக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு. பக்கத்தில் இருக்கும் சுவான்சோவைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிட முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

திரும்பிவிட முடியும். ரயிலில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்தான். ஆனால் அப்படி ஒரே நாளில் போய்வருகிறவர்கள் மேற்குத் தெருவில் ஒரு நடை, இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இன்னொரு படம் என்று முடித்துக்கொள்கிறார்கள். இந்த ஊரின் நல்ல விஷயங்கள் தெருவைப் பார்த்து நிற்பதில்லை. மண்டபத்தின் பின்புறம், மேடையின் அடிப்பகுதியில், கடல் வற்றும் நேரத்துப் பாலத்தின் காலடியில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போக நேரம் வேண்டும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அதுவும் பழைய நகரத்துக்குள்ளேயே.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது. சோங், யுவான் ஆட்சிக் காலங்களில், அதாவது 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் ஜைத்தூன் என்று எழுதியது இந்த ஊரைத்தான். கடல் வணிகத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம் 1087இல் இங்கே வந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த கலகம், பிறகு மிங் அரசின் கடல் தடை, ஆற்று முகத்தில் சேர்ந்த வண்டல் எல்லாம் சேர்ந்து துறைமுகத்தை ஒடுக்கின. பின்னாளில் இந்தப் பகுதி மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் கேட்டுப் பழகிய ஹொக்கியன் பேச்சு இந்தக் கரைக்குச் சொந்தமானது. 2021இல் யுனெஸ்கோ இங்குள்ள 22 இடங்களைச் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதைப் படித்துவிட்டு, காலத்தில் உறைந்த ஒரு சிற்றூரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்த்து 2020 கணக்கெடுப்பில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்டுப் பொருளாதாரம் ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டிய நகரம் இது. ஆன்டா, எக்ஸ்டெப் போன்ற காலணி நிறுவனங்கள் வளர்ந்தது பக்கத்து ஜின்ஜியாங்கில். ஷிஷியில் ஆயத்த ஆடை, நானானில் குளியலறைக் குழாய்கள், ஹுய்யானில் கல் சிற்பம், தெஹுவாவில் வெண் பீங்கான், ஆன்ஷியில் தேயிலை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொழில். மாநகர அரசு அலுவலகங்கள் கிழக்கே தோங்ஹாய் பகுதிக்குப் போய்விட்டன. உயரமான கட்டடங்களும் அந்தப் பக்கம்தான் எழுகின்றன. ஆறரைச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும் பழைய நகரம் தாழ்வாகவே விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் இன்றும் ஏதோ ஒரு சந்தில் திரும்பும்போது ஓட்டுக்கூரைகளுக்கு மேலே கற்கோபுரம் தெரிகிறது. அங்கே இருப்பது காட்சிக்காகக் கட்டிய செட் இல்லை. வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கோயில்களில் தினமும் ஊதுபத்தி எரிகிறது.

இனி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை. பாதிப் பேருக்குப் பயணம் கெடுவது இங்கேதான்.

முதலாவது ஊர்ப் பெயர். தமிழில் சிலர் இந்த ஊரைக் குவான்சோ என்று எழுதுகிறார்கள். குவாங்சோ என்பது வேறு ஊர், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெருநகரம். டிக்கெட் ஆப்பில் இரண்டும் அடுத்தடுத்து வரும்; மாகாணம் ஃபூஜியன்தானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அடுத்து, ரயில் நிலையம். சுவான்சோ என்ற பெயரிலேயே மூன்று முக்கிய நிலையங்கள் உண்டு. வெறும் 'சுவான்சோ' நிலையம்தான் பழைய நகரத்துக்குப் பக்கம். 2023 செப்டம்பரில் திறந்த, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகப் புதிய பாதையின் ரயில்கள் 'சுவான்சோ தெற்கு', 'சுவான்சோ கிழக்கு' நிலையங்களில் நிற்கும். ரயிலில் மிச்சமாகும் பத்து நிமிடத்தை டாக்சியில் இரண்டு மடங்காகக் கொடுத்துவிடுவீர்கள். மெட்ரோ ரயில் இந்த ஊரில் கிடையாது.

டிக்கெட் பாஸ்போர்ட்டோடு இணைக்கப்படும். தாள் டிக்கெட் தேவையில்லை. தானியங்கி வாயில் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால், ஓரத்தில் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போக வேண்டும். ரயில் புறப்படச் சில நிமிடங்கள் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் பைச் சோதனை வேறு. 40 நிமிடம் முன்னதாகவே நிலையத்தில் இருங்கள். தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், ஆப் அதைக் கட்டாயமாகக் கேட்கும். பாஸ்போர்ட்டின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் நிரப்புங்கள். ரயிலுக்கு ஒரு மாதிரி, விடுதிக்கு ஒரு மாதிரி, பணம் செலுத்தும் ஆப்புக்கு ஒரு மாதிரி என்று எழுதினால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்திவைப்பார்கள். பாஸ்போர்ட் எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

விசா விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 240 மணி நேர விசா இல்லாத இடைத்தங்கல் வசதி இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்குப் பொருந்தாது. முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஒருமுறை நுழைவு விசாவில் போகிறவர்கள் நடுவில் ஹாங்காங்குக்கோ, எதிரே தைவான் ஆட்சியில் உள்ள ஜின்மென் தீவுக்குப் படகிலோ போய்விட்டால் அந்த விசா அத்தோடு தீர்ந்தது. திரும்ப உள்ளே வர முடியாது.

பணத்துக்கு அலிபே ஆப்பை இங்கிருந்தே நிறுவி, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, விசா வங்கி அட்டையையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்காமல் போனால் அட்டை வேலை செய்யாது. ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ஆகவே அந்த சிம்மில் குறுஞ்செய்தி மட்டுமாவது வரும்படி ரோமிங்கை இயக்கி வையுங்கள். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதம். தெருக்கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய முடியாமல் போவதும் உண்டு. அதற்காகப் பத்து, இருபது யுவான் தாள்களாக ஒரு 300 யுவான் கையில் இருக்கட்டும். டாக்சிக்கு அலிபே உள்ளேயே டிடி என்ற டாக்சி அழைக்கும் சேவை இருக்கிறது. கூகுள் வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். ஆமேப் என்ற சீன வரைபட ஆப்தான் அங்கே சரியாக வேலை செய்யும். ரோமிங்கோ வெளிநாட்டு இ-சிம்மோ இருந்தால் வாட்ஸ்அப் போகும்; விடுதி வைஃபையில் போகாது. போகும் இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொள்வது எல்லா ஆப்பையும் விட உதவும்.

பழைய நகரத்துச் சிவப்புச் செங்கல் வீடுகள் பல இப்போது சிறு தங்குவிடுதிகள். அழகானவை. ஆனால் முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். சீனச் சட்டப்படி நீங்கள் தங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். விடுதி அதைச் செய்துவிடும். யாருடைய வீட்டிலாவது தங்கினால் நீங்களே காவல் நிலையம் போக வேண்டும்.

பருவம்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை அருமை, மார்ச், ஏப்ரலும் பரவாயில்லை. மே, ஜூனில் விடாத மழை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வெயிலும் புயலும். 2023 ஜூலை 28 அன்று டோக்சூரி புயல் நேராக ஜின்ஜியாங்கில்தான் கரை ஏறியது. மே 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளை ஒட்டிய விடுமுறை வாரங்களிலும் சீனப் புத்தாண்டிலும் மேற்குத் தெருவில் நகரவே முடியாது. அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த நாளைப் பாலத்துக்கும் மலைக்கும் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன்பே கையுவான் கோயிலுக்குப் போய்விடுங்கள். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில். மேற்கு, கிழக்குக் கோபுரங்கள் இன்றுள்ள கல் வடிவத்தில் 1228க்கும் 1250க்கும் இடையே அடுத்தடுத்துக் கட்டப்பட்டவை. எட்டு முகம், ஐந்து நிலை. கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர், மேற்கு சற்றுக் குறைவு. 1604இல் வந்த பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றவை. மேலே ஏற விடமாட்டார்கள், ஆனால் சுற்றி வந்து பார்க்கலாம்: ஒவ்வொரு கோபுரத்திலும் 80 புடைப்புச் சிற்பங்கள். மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் வாளேந்திய குரங்கு முக வீரன் ஒருவன் உண்டு. சீனக் கதையின் குரங்கு அரசனுக்கு முன்னோடியா, அனுமனின் சாயலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கீழிருந்து பார்க்கச் சிறிய பைனாகுலர் ஒன்று கொண்டுபோனால் நல்லது.

பெரிய மண்டபத்துக்கு முன் ஒரு கல் மேடை. எல்லோரும் அதன் மேல் ஏறி உள்ளே இருக்கும் புத்தரைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் மேடையின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக வரிசையாக எழுபதுக்கும் மேற்பட்ட புடைப்புக் கற்கள். இந்தக் கற்கள் சீனக் கோயிலுக்காகச் செதுக்கப்பட்டவை இல்லை. இங்கே இருந்து அழிந்துபோன ஒரு இந்துக் கோயிலிலிருந்து வந்தவை. பிறகு உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: உத்தரங்களைத் தாங்கும் இடத்தில் சிறகு விரித்த 24 தேவகன்னியர், கைகளில் இசைக்கருவிகளும் காணிக்கைகளும். அப்படியே மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்கு வந்தால், நடுவில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றின் வட்டச் சிற்பங்களில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், முதலையிடமிருந்து யானையை மீட்கும் திருமால், மருத மரங்களுக்கு இடையே உரலை இழுக்கும் கண்ணன், ஆய்ச்சியரின் ஆடைகளோடு மரமேறிய கண்ணன். ஒரு தமிழ் வாசகருக்கு விளக்கப் பலகை எதுவும் வேண்டாம், கண்டதும் தெரிந்துவிடும். மிங் காலத்துத் திருப்பணியில் இந்தத் தூண்களை எடுத்து வந்து இங்கே நிறுத்தினார்கள். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் தூணுக்குப் பக்கத்தில் நிற்கவே இடம் இருக்காது.

கோயில் வளாகத்திலேயே பழங்கப்பல் கூடம் உண்டு. 1974இல் ஹோவ்சூ கரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலத்துக் கப்பல். எஞ்சிய அடிப்பகுதி மட்டுமே 24.2 மீட்டர் நீளம், 9.15 மீட்டர் அகலம். உள்ளே 13 தனித்தனி அறைகள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை காக்கும். அதில் இருந்த சரக்கில் வாசனை மரங்கள் மட்டும் 2,000 கிலோவுக்கு மேல், மிளகும் கிடைத்தது. மிளகைத் தேடி அரபிக்கடல் வரை நீண்ட வணிகம் இது.

மதியம் கிழக்கு ஏரித் தெருவில் உள்ள கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம். நுழைவு இலவசம், பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். கற்சிற்பங்களின் கூடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், தாமரை மேல் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்கள், அடுத்ததாக இந்துக் கோயில் துண்டுகள். அவற்றில் யானை ஒன்று துதிக்கையால் லிங்கத்துக்குப் பூச்சாத்தும் கல் உண்டு. திருவானைக்கா தலபுராணம் தெரிந்தவர்கள் அதன் முன்னால் கொஞ்சம் நேரம் நின்றுவிடுவார்கள். இந்தக் கற்களில் பல, நகரக் கோட்டைச் சுவரை இடித்தபோது உள்ளிருந்து கிடைத்தவை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஊ வென்லியாங் 1920களிலிருந்து தன் சொந்த முயற்சியில் தேடித்தேடிச் சேர்த்திராவிட்டால் பாதி சாலைக்கல்லாகப் போயிருக்கும். 1956இல் இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுதான் எல்லாவற்றுக்கும் சாவி: சகம் 1203, அதாவது பொது ஆண்டு 1281, சித்திரை மாதத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலனுக்காகச் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கல்லின் அடியில் சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு.

மாலையில் தூமென் தெரு. கல் வாயில் உயர்ந்து நிற்கும் சிங்ஜிங் பள்ளிவாசல் 1009இல் கட்டி, 1310ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டது. கூரை இல்லாத பழைய தொழுகைக் கூடத்தின் சுவரில் குர்ஆன் வசனங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே, தெய்வமாக வணங்கப்படும் பழங்காலப் படைத்தலைவர் குவான் யூவின் கோயில், எப்போதும் புகையும் கூட்டமும்தான். சில நிமிட நடையில் கன்பூசியஸ் கோயில். அந்த வளாகத்தில் பல மாலைகளில் நான்யின் இசை கேட்கக் கிடைக்கும். வீணை போலப் படுக்கவைத்து மீட்டும் பீப்பா, நீளமான மூங்கில் குழல், தாளக்கட்டையோடு ஒருவர் நிதானமாகப் பாடுவது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இசை. அங்கிருந்து ஜோங்ஷான் சாலை வழியாக மணிக்கூண்டு வரை நடந்து வாருங்கள். 1920களில் எழுந்த, கீழே நடைதாழ்வாரமும் மேலே வீடுமான கட்டட வரிசை. பழைய நகரத்துக்குள் எல்லாமே நடக்கும் தூரம்தான். கால் வலித்தால் சிறிய வெள்ளை மின்பேருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும். நடக்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வரும் மின்ஸ்கூட்டர்களைக் கவனியுங்கள்.

இரண்டாம் நாளை நிர்ணயிப்பது கடல். வடகிழக்கே பத்துக் கிலோமீட்டர் போல் உள்ள லுவோயாங் பாலத்தை வற்றுக் கடலில் பார்க்க வேண்டும். ஏற்றம் இருந்தால் தண்ணீருக்கு மேல் ஒரு கல் நடைபாதை மட்டுமே தெரியும். 1053 முதல் 1059 வரை, ஆளுநர் ட்சாய் சியாங் காலத்தில் கட்டி முடித்தது. ஆற்றடி சேறு, அலை வேகம் அதிகம். அதனால் பாலத்தின் கோட்டில் பெரும் பாறைகளைக் கொட்டி நீருக்கடியில் ஒரு திட்டை எழுப்பினார்கள். அதன் மேல் இருமுனையும் கூர்ந்த படகு வடிவில் கால்கள். பாறைகளின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். அவை ஒட்டிப் பெருகிக் கற்களைப் பிணைத்தன. டன் கணக்கில் எடையுள்ள கல் உத்தரங்களை ஏற்றத்தின்போது மிதவையில் கொண்டுவந்து, நீர் வடியும்போது தானாகவே காலின் மேல் இறங்க விட்டார்கள். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது நீர் இறங்கிய இரண்டு மூன்று மணி நேரம்தான். ஒரு நாளில் இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். முந்தின இரவே அலை நேரத்தைப் பார்த்து, மற்றதை எல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் சிங்யுவான் மலையடியில் தாவோ சமய ஞானி லாவோட்சுவின் 5 மீட்டருக்கும் மேல் உயரமான கற்சிலை.

சுன்பூ மீனவர் கிராமத்துக்கு எல்லோரும் போகிறார்கள், தலையில் பூவளையம் வைத்துக்கொண்டு படமெடுக்க. அந்தப் பூ அலங்காரம் அங்குள்ள பெண்கள் உண்மையாகவே தலைமுறைகளாக வைத்துக்கொள்வது. இப்போது அதன் மேல் ஒரு பெரிய வாடகைத் தொழில் ஏறியிருக்கிறது. வார நாளில் போய், படக் கடைகளைத் தாண்டிப் பின்சந்துகளுக்குள் நுழைந்தால் சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய வீட்டுச் சுவர்களைப் பார்க்கலாம். வாசலில் உட்கார்ந்து சிப்பி உடைக்கும் பாட்டிகளைக் கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் ஜின்ஜியாங் பக்கம் டாக்சி எடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆன்பிங் கல்பாலம். பிறகு ட்சாவோ ஆன் என்ற சிறு கோயில். அங்கே வீற்றிருக்கும் சிலை மானி, உலகில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் மறைந்துபோன மானிகேய சமயத்தின் நிறுவனர். 1339இல் செதுக்கியது. ஊர் மக்கள் புத்தராகவே வணங்குகிறார்கள், அதனால்தான் தப்பித்தது. தெஹுவா பீங்கான் சூளைகள் மலையில் தூரமாக இருக்கின்றன; பீங்கானில் தனி ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கலாம்.

சாப்பாடு. அசைவர்களுக்குக் கவலையே இல்லை: சிப்பி அடை, இஞ்சி வாத்து, மாட்டிறைச்சி சூப், கடல் பொருள்களோடு கஞ்சி பதத்தில் குழைந்த சேமியா. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணக் கடையில் கேட்டால் கீரை வதக்கித் தருவார்கள், ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். நூடுல்ஸில் காய் மட்டும் போட்டாலும் சாறு எலும்புச் சாறு. மேலே காய்ந்த இறால் தூவுவார்கள். உப்போடு கோழிச்சாறுப் பொடியும் விழும். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் இவற்றில் ஒன்றும் நிற்காது. 'இறைச்சி, மீன், இறால், சிப்பி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, கோழிப் பொடி எதுவும் கூடாது' என்று ஏழையும் பெயர் சொல்லிச் சீனத்தில் எழுதிய சீட்டு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதைவிட எளிய வழி, பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள். கையுவான் கோயிலைச் சுற்றியும் செங்தியான் கோயிலைச் சுற்றியும் தேடுங்கள். அங்கே கறி போலத் தோன்றுவது சோயாவும் கோதுமைப் பசையும்தான். பௌத்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டும் கிடையாது. மதியம் சீக்கிரம் போங்கள், சில இடங்களில் இரவுச் சாப்பாடு இருக்காது. தெருவில் நம்பிச் சாப்பிடக் கூடியவை: பாலாகக் கரைய வேகவைத்த நிலக்கடலை இனிப்புக் கஞ்சி, கடற்பாசி ஜெல்லியில் தேனும் பயறும் சேர்த்த ஷிஹுவா காவ். குடிக்க வெந்நீர் எங்கும் கிடைக்கும். ரயில் நிலையத்தில், ரயில் பெட்டியில்கூடக் குழாய் இருக்கும். ஒரு குடுவை கொண்டுபோங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள்தான் முடியும் என்றால்: ஏழு மணிக்குள் சியாமென்னில் ரயில் ஏறுங்கள், கையுவான் கோயிலில் பின்தாழ்வாரம் வரை போங்கள், செங்தியான் பக்கம் மதியச் சாப்பாடு, பிறகு அருங்காட்சியகத்தின் கற்சிற்பக் கூடம், கடைசியாகப் பள்ளிவாசல். அன்று மாலை கடல் வற்றும் நேரம் ஐந்து மணியை ஒட்டி இருந்தால் மட்டும் பள்ளிவாசலை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போங்கள். திரும்பும் டிக்கெட்டை எட்டு மணிக்கு மேல் போடுங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் லுவோயாங்கிலிருந்து நிலையத்துக்கு டாக்சி எதிர்பார்த்ததைவிட நேரம் எடுக்கும்.